ஓடுகிற வண்டியில் வாய் திறக்காதவர்

எங்கள் கம்பெனி வேன் டிரைவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. எங்களில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டியில் ஏறிய இருபத்திரண்டு பெண்களுக்கும் அவர் அண்ணன்தான். பேத்தி எடுத்துவிட்ட முனிரத்னாவுக்கும் அண்ணன், கடைசியாக வேலைக்குச் சேர்ந்த டிப்ளமோ பெண்ணுக்கும் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், காக்கிச் சட்டை, காதோரத்தில் மட்டும் மிச்சமிருந்த முடி. அவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வண்டி ஓடும்போது பேச மாட்டார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். உம்மணாமூஞ்சி டிரைவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இவர் அந்த ரகம் இல்லை. வண்டி நின்றுவிட்டால் இவரைப் போன்ற வாயாடி ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை கிடையாது. சக்கரம் உருண்டால் பாதி வாக்கியத்தில் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ வண்டி நிற்கும்போது, விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் போயிருக்கும். என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருக்கும். அவருக்கு மறக்காது.

"ஓடுற வண்டியில வாய் ஓடக் கூடாதும்மா" என்பார். அதையும் நின்ற வண்டியில்தான் சொல்வார்.

நான் பொறுமைசாலி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவரோடு எனக்கு ஆகவில்லை. "அண்ணா, இந்த வண்டி மத்திகிரி வழியா போகுமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். திமிர் பிடித்த ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன். மத்திகிரி வந்தது, போனது. ஓசூருக்குள் முதல் சிக்னலில் வண்டி நின்றதும் திரும்பிப் பார்த்து, "போவும்மா" என்றார்.

இந்த விரதத்துக்குச் சட்டதிட்டங்கள் எல்லாம் இருந்தன. வேகத்தடையில் வண்டி மெதுவாகிறதே, அங்கே பேசலாமா என்று ஒருநாள் முனிரத்னா கேட்டாள். அடுத்த நிறுத்தத்தில் தீர்ப்பு வந்தது: வேகத்தடை என்பது நிற்பதில் சேராது. டிராஃபிக் ஜாமில் ஊர்ந்தால்? சேராது. ஒருமுறை கெலமங்கலம் அருகே டயர் பஞ்சர் ஆனது. ஐம்பது நிமிடம் மனிதர் மூச்சு விடாமல் பேசினார். தக்காளி விலை, மகள் கல்யாணம், கன்னடக்காரர்கள் சாம்பாரில் ஏன் வெல்லம் போடுகிறார்கள் என்ற ஆராய்ச்சி என்று எதுவும் பாக்கியில்லை. ஸ்டெப்னி மாட்டி முடித்தபோது அவர் முகத்தில் இருந்த வருத்தத்தைப் பார்த்து, இன்னொரு டயரும் போயிருக்கலாமே என்று எனக்கே தோன்றியது.

ஏன் இப்படி என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். வேண்டுதல் என்றாள் ஒருத்தி. வீட்டில் பெண்டாட்டி பேச விடுவதில்லை, அதனால் பழகிவிட்டது என்றாள் இன்னொருத்தி. முனிரத்னாவின் கதைதான் எனக்குப் பிடிக்கும். முன்பு அவர் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு ஏற்றும் லாரி ஓட்டினாராம். ஒருநாள் கிளீனரோடு பேசிக்கொண்டே போய், சந்தையைத் தாண்டி, ஆந்திரா எல்லையில் கொண்டுபோய் எட்டு மாடுகளை இறக்கிவிட்டாராம். "தேவுடா, ஆ மாடுங்களுக்கே தெரிஞ்சிருக்கும், ஊரு மாறிப் போச்சுன்னு. அது பாவம் எப்பிடி சொல்லும்?" என்பாள். அவள் வாயில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தட்டில் கிடக்கும்.

பேசாதவருக்குக் காது மட்டும் சும்மா இருக்குமா? தினமும் ஒன்றே கால் மணி நேரம் போக, ஒன்றே கால் மணி நேரம் வர, இருபத்திரண்டு பெண்கள் பேசுவதைப் பல வருடமாகக் கேட்டவர். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் ஒரு ஆண் அங்கே இருப்பதே எங்களுக்கு மறந்துவிடும். ஒருநாள் யாரோ பின் சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றதும் அவர் திரும்பி, "ஏம்மா, போன மாசமும் இதே தேதிக்கு இப்பிடித்தான் இருந்துச்சு உனக்கு. ஒரு ஸ்கேன் பாத்துரு" என்றார். வேனே வெட்கத்தில் உறைந்துபோனது. அவர் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. முன் டயரில் காத்து கம்மியாக இருக்கிறது என்று சொல்லும் அதே குரல். வெட்கமும் இல்லை, விரசமும் இல்லை. ஆறு மாதத்தில் எங்களுக்கும் வெட்கம் போய்விட்டது. புருஷனிடம் சொல்லாததை எல்லாம் சிவப்பு விளக்கில் அவரிடம் கேட்க ஆரம்பித்தோம்.

தவணை முறையில் வைத்தியம் கேட்பதில் ஒரு ஆபத்து உண்டு. டிப்ளமோ பெண்ணின் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஸ்கேனில் வந்திருந்தது. அவள் அழுதபடி கேட்டாள். அண்ணன் சிக்னலில் திரும்பி, நிதானமாக, "இந்த மாதிரிக் கட்டி நெறைய பேருக்கு வர்றதும்மா. இது கேன்சரா" என்றார். விளக்கு பச்சை ஆனது. முன்னால் திரும்பிக் கியரைப் போட்டார்.

அடுத்த நிறுத்தம் வரை அந்தப் பெண் உயிரோடு இருந்ததே பெரிது. முனிரத்னா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எதிரில் வந்த ஒரு ஆட்டு மந்தையைப் பார்த்து, "வாங்க, வாங்க, குறுக்க வாங்க" என்று கெஞ்சினாள். ஆடுகள் ஓரமாகவே போய்விட்டன. கடைசியில் பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றபோது அவர் திரும்பி, "மாறுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். பயப்படாத" என்று முடித்தார். டிப்ளமோ பெண் அவரை அடிக்கவே போய்விட்டாள்.

எனக்கு வந்தபோதும் இதே கட்டிதான் வந்தது.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு. ஒயரிங் லைனில் நின்றபடியே இரண்டு முறை கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேனில் மூன்று கட்டிகள், பெரியது ஆறு சென்டிமீட்டர். ரத்தம் ஏழு பாயிண்ட். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பொண்ணு இருக்குல்ல? கர்ப்பப்பைய எடுத்துட்டா நிம்மதி. புதன்கிழமை அட்மிட் ஆயிடுங்க, ரத்தம் ஏத்திட்டு மறுநாள் ஆபரேஷன்" என்றார். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் டாக்டர் முன்னால் போனால் ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற மாதிரி ஆகிவிடுவார். "சரிங்க மேடம்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் துணி சோப்பு மாற்றுவதற்கே மூன்று நாள் வாக்குவாதம் நடக்கும். கர்ப்பப்பை விஷயம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று நான் நினைத்திருந்தேனா? தெரியாது. வேண்டாம் என்றும் நினைக்கவில்லை. அதை யோசித்து முடிவு செய்கிற வேலையையாவது எனக்கு விட்டுவைத்திருக்கலாமே என்றுதான் இருந்தது. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அதனால் மகளைத் திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேனில் ஏறியதும் முனிரத்னாவிடம் சொன்னேன். முனிரத்னாவிடம் சொன்னால் இருபத்திரண்டு பேரிடமும் சொன்ன மாதிரிதான். அண்ணன் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். ஐந்து நிமிடம் போயிருக்கும். காட்டோரத்து வளைவில் வனத்துறைக்காரர்கள் இருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்கள். ராகிக் கொல்லையில் மேய்ந்துவிட்டு யானைக் கூட்டம் ஒன்று காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பனியில் சாம்பல் சாம்பலாகப் பத்துப் பன்னிரண்டு உருவங்கள். பாதி ரோட்டுக்கு அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்.

அண்ணன் இன்ஜினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றதும் வேனில் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு ஓடியது. யானையால் வேலைக்கு நேரமாகிறதே என்று ஒருத்தியும் கவலைப்படவில்லை.

"முனிரத்னா, இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்றார்.

"களிதான் அண்ணா. அவரைக்கொட்டைக் கொழம்பு."

"குடு."

அவள் டிபன் பாக்ஸைக் கொடுத்தாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையைக் கழுவினார். களி உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலால் நடுவில் ஒரு குழி செய்தார். "இது கர்ப்பப்பை" என்றார்.

நாங்கள் எல்லோரும் முன் சீட்டுக்கு நெருங்கினோம்.

குழம்பிலிருந்து அவரைக்கொட்டை ஒன்றை எடுத்துக் குழிக்குள் போட்டார். "கட்டி இங்க, உள்ளார இருந்தா ரத்தம் ஜாஸ்தி போவும்." இன்னொன்றைக் களியின் சதைக்குள் அழுத்தினார். "செவுத்துக்குள்ள இருந்தாலும் தொந்தரவு பண்ணும்." மூன்றாவதை வெளியே ஒட்டவைத்தார். "இப்பிடி வெளிய தொங்கறது பெரும்பாலும் தேமேன்னு கெடக்கும், ரொம்பப் பெருசானாத்தான் மூத்திரப் பைய அழுத்தும். உனுக்கு எது எங்க இருக்குது?"

எனக்குத் தெரியவில்லை. என் வயிற்றில் இருப்பது எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ரிப்போர்ட் கைப்பையில்தான் இருந்தது. டிப்ளமோ பெண் அதை வாங்கிப் படித்து, "ரெண்டு செவுத்துல, ஒண்ணு உள்ள கொஞ்சம் எட்டிப் பாக்குது" என்றாள்.

"அப்ப கேட்டுக்கோ. தொந்தரவே பண்ணாத கட்டின்னா சும்மா உட்டுட்டுப் பாக்கறதே ஒரு வைத்தியம்தான். மாசவெலக்கு நின்னுட்டா அதுவே சுருங்கிக்கும். தொந்தரவு பண்ணா, மொதல்ல ரத்தம் போறதக் கொறைக்க மாத்திரை, கூட இரும்புச் சத்து. அப்பறம் காப்பர் டி மாதிரியே மருந்து வெச்ச ஒண்ணு இருக்குது, உள்ள வெச்சுட்டா வருஷக்கணக்குல ரத்தப்போக்க அடக்கும். கட்டி எங்க இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் வெப்பாங்க."

"யானை போவுது அண்ணா, சீக்கிரம்" என்றாள் ஒருத்தி.

"போவாது. குட்டி இருக்குது, அது வந்தாத்தான் போவும். கட்டிய சுருக்க ஊசியும் போடுவாங்க, ஆனா நிறுத்துனா திரும்ப வளந்துரும். ஆபரேஷனுக்கு முன்னாடி போடறதுக்கு ஆவும். இன்னொண்ணு, தொடைகிட்ட இருந்து ரத்தக் கொழாய் வழியா மெல்லிசா டியூப் உட்டு, கட்டிக்குப் போற ரத்தத்த அடைக்கறது. உங்கம்மா ஊரு பாரூர்ல வாய்க்கா மடைய அடைச்சா வயல் காயும்ல, அந்த மாதிரி கட்டி காஞ்சிரும். ஆனா கொழந்த வேணுங்கறவங்க அதுக்கு முன்னாடி நல்லா கேட்டுக்கணும்." அவர் களியிலிருந்து ஒரு அவரைக்கொட்டையை நகத்தால் நெம்பி எடுத்து, குழியை விரலால் மெழுகிவிட்டார். "இது, கட்டிய மட்டும் எடுக்கறது. கர்ப்பப்பை இருக்கும். ஆனா பின்னாடி புதுசா ஒண்ணு மொளைக்கலாம், அதுக்கு யாரும் கேரண்டி குடுக்க மாட்டாங்க. கடைசியா இருக்கறது, மொத்தமும்." சொல்லிக்கொண்டே உருண்டை முழுவதையும் தூக்கினார்.

"ஏ அண்ணா, அது என் சாப்பாடு!" என்று முனிரத்னா பிடுங்கிக்கொண்டாள்.

ஒரு யானை திரும்பி எங்கள் வேனைப் பார்த்தது. நாங்கள் சிரிப்பை அடக்க வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டோம்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்பிடிண்ணா தெரியும்?" என்று கேட்டேன். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. அவர் பதில் சொல்லவில்லை. அது வழக்கத்தில் இல்லாத ஒன்று. கையைத் துடைத்தபடி வேறு பேச்சுக்குப் போனார்: "மொத்தமும் எடுக்கறது தப்புன்னு சொல்லல. செல பேருக்கு அதுதான் சரி, எடுத்துட்டு நிம்மதியா இருக்கறாங்க. ஆனா தலைய ஆட்டறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுறணும். அது என்னன்னா"

குட்டி யானை ரோட்டைத் தாண்டியது. வனத்துறைக்காரர் விசில் அடித்தார். அண்ணன் முன்னால் திரும்பிச் சாவியைத் திருகினார்.

அன்று ரயில்வே கேட் திறந்திருந்தது. சிக்னல் எல்லாம் பச்சை. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி எங்களை அவசர அவசரமாக உள்ளே விரட்டினார். மதியம் முனிரத்னா அந்தக் கர்ப்பப்பையைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். சாயங்காலம் அண்ணனுக்கு வேறு ட்ரிப் போட்டுவிட்டார்கள். இரவு சாப்பாட்டு நேரத்தில் முனிரத்னா அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். "போன்ல வேணாம்மா, நாளைக்கு நேர்ல சொல்றன்" என்று வைத்துவிட்டாராம்.

புதன்கிழமை துணிப் பையோடு வேனுக்குக் காத்திருந்தேன். ஆஸ்பத்திரி போகிற வழியில்தான் இருந்தது. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து நேராக அங்கே வருவதாக ஏற்பாடு. வேன் வந்து நின்றது. அண்ணன் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். பின்னால் பால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. வண்டி நகர்ந்தது.

நான் ஏறுவதுதான் கடைசி நிறுத்தம். இனி எங்கேயாவது தானாக நின்றால்தான் உண்டு. ரயில்வே கேட் திறந்திருந்தது. "சனியன் பிடிச்ச கேட்டு, என்னைக்காவது வேணும்ங்கறப்ப மூடுதா?" என்று முனிரத்னா திட்டினாள். அப்புறம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, வாந்தி வருது, நிறுத்து நிறுத்து" என்று நடித்தாள். அண்ணன் திரும்பாமல், டாஷ்போர்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பின்னால் நீட்டினார். மத்திகிரி போனது. முதல் சிக்னல் பச்சை. இரண்டாவதும் பச்சை. ஒரு கேள்விக்காகவா இத்தனை பாடு, நானே ஏதாவது கேட்டால்தான் என்ன என்று தோன்றியது. என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. அழுகை வந்தது. அடக்கவும் இல்லை.

அப்போதுதான் அவர் பேசினார்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீடு மீட்டர் முள் நாற்பதில் இருந்தது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "இப்ப எடுக்கலன்னா எனக்கு என்ன ஆவும்? அதுதாம்மா கேள்வி" என்றார்.

முனிரத்னா எலுமிச்சம்பழத்தை மடியில் போட்டுவிட்டு முன்னால் குனிந்தாள்.

"அத நாங்க கேக்கல. எங்க வீட்ல அப்ப முப்பத்திரண்டு வயசு. எடுக்கணும்னாங்க, கையெழுத்துப் போட்டன். எனக்கு ஆஸ்பத்திரின்னா பயம். அவ உள்ள தனியா இருந்தா. நான் வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்தன். எதுத்த செவுத்துல படம் போட்டு ஒட்டியிருந்துச்சு. கட்டி எங்கெங்க வரும், என்னென்ன வைத்தியம் இருக்குது, எல்லாம் தமிழ்ல. பொழுது போவலன்னு மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சன். நான் படிச்சு முடிக்கறதுக்கும், ஆபரேஷன் முடிஞ்சுருச்சுன்னு அவங்க வந்து சொல்றதுக்கும் சரியா இருந்துச்சு."

ஆஸ்பத்திரியின் போர்டு ஜன்னலில் கடந்து போனது. எல்லோரும் பார்த்தோம். நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

"அவளுக்கு எடுத்தது சரியாவே இருந்திருக்கலாம். தெரியல. அதான் தெரியலையே! அவ இன்னைக்கும் எப்பயாச்சும் கேப்பா, 'ஏங்க, வேற வழி இருந்திருக்குமா'ன்னு. நான் என்ன சொல்லுவன்? செவுத்துல இருந்துச்சுன்னு சொல்றதா?"

எங்கள் கம்பெனி வாசலும் கடந்து போனது. செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எங்கள் வேனையே பார்த்தபடி நின்றார். இருபத்திரண்டு பேரும் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தோம். அண்ணன் பேசிக்கொண்டே போனார். மனைவி பிறகு தானாகவே நர்சுகளிடம் இந்த வைத்தியங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டது, அதன் பிறகு அவர்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கட்டி என்றாலும் அவள் போய் உட்கார்ந்து பேசியது, எல்லாம் சொன்னார். எல்லையோரத்து ஜூஜூவாடியும் போனது. கன்னடத்தில் எழுதிய பெரிய வரவேற்பு வளைவு ஒன்று எங்கள் தலைக்கு மேல் வந்தபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாம்மா?" என்றார். "இதுக்குத்தான் நான் பேசறதில்ல."

முனிரத்னாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் வேன் குலுங்கக் குலுங்கச் சிரித்தோம். "அப்ப அந்த எட்டு மாடு நெஜந்தான்!" என்று அவள் கத்தினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அன்று கம்பெனியில் ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, பேசி வைத்துக்கொண்ட மாதிரி அத்தனை பேரும் "யானை சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். "ஹைவேல ஏதும்மா யானை?" என்று எச்.ஆர். கேட்டாராம். "கர்நாடகா யானை சார்" என்றாளாம் முனிரத்னா.

நான் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். வீட்டுக்காரர் வாசலில் பதறிக்கொண்டு நின்றார். டாக்டரம்மா அட்மிஷன் சீட்டில் எழுத ஆரம்பித்திருந்தார். கேட்டுவிட்டேன். "மேடம், இப்ப எடுக்கலன்னா எனக்கு என்ன ஆகும்?"

அவர் பேனாவை வைத்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "இப்பவே எடுக்கலன்னா உயிருக்கு ஒண்ணும் ஆயிடாதும்மா" என்றார். "ரத்தம் கம்மியா இருக்கு, அதுதான் அவசரம். அத முதல்ல சரி பண்ணணும். ஏன், கர்ப்பப்பை இருக்கணும்னு நினைக்கிறீங்களா? அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே. உங்க வீட்டுக்காரர் சரின்னாரே."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நீதான் தலைய ஆட்டுன" என்றார் அவர். "நீங்க சரின்னீங்க, அதான் ஆட்டுனேன்" என்றேன். "நீ ஆட்டப் போறன்னு தெரிஞ்சுதான் நான் சரின்னேன்" என்றார். டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ரத்தம் ஏற்றினார்கள். மூன்று மாதம் மாத்திரை, இரும்புச் சத்து ஊசி. அதன் பிறகு, கட்டிகளை மட்டும் எடுக்கிற ஒரு டாக்டரிடம் அவரே கடிதம் கொடுத்து அனுப்பினார். ஆபரேஷன் நடுவில் ரத்தம் அடங்காமல் போனால் கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டி வரலாம் என்று அங்கே கையெழுத்து வாங்கினார்கள். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன். அந்தக் கையெழுத்து விஷயம் வேனில் எல்லோருக்கும் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து பாரூரில் அம்மா வீட்டில் ஏழு வாரம் இருந்தேன். முனிரத்னா தினமும் போன் போட்டு, "என்ன ஆச்சு, செப்புடி" என்று உயிரை வாங்கினாள். "நல்லா இருக்கேன். மத்தத அண்ணன் முன்னாலதான் சொல்லுவேன்" என்று வைத்துவிடுவேன். இத்தனை வருடம் எங்களைத் தவிக்கவிட்டவரைக் கொஞ்சம் தவிக்கவிடாமல் எனக்குத் தீராது.

திரும்பி வேலைக்கு வந்த அன்று வேன் நின்றது. ஏறினேன். ஒரே கூச்சல். அண்ணன் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கிவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"கண் முழிச்சதும் டாக்டர் என்ன சொன்னாங்கன்னா அண்ணா" என்றேன். பால் லாரி ஹாரன் அடித்தது. வழக்கம் தப்பாமல் அடித்தது. வண்டி நகர்ந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். முனிரத்னா என் தொடையில் கிள்ளினாள். கண்ணாடியில் அண்ணனின் கண் தெரிந்தது. நான் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் நான்கு முறை கண்ணாடியைப் பார்த்தார். எண்ணினேன்.

ரயில்வே கேட் வந்தது. திறந்துதான் இருந்தது. கேட்காரர் போகச் சொல்லிக் கையை வீசினார். கேட்டுக்குப் பத்தடி முன்னால், தண்டவாளத்தில் ரயிலும் இல்லாமல், எதிரே ஒரு ஆடும் இல்லாமல், அண்ணன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். இன்ஜினை அணைத்துச் சாவியையும் கையில் எடுத்துக்கொண்டார். முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"சொல்லும்மா."

எனக்கு விளையாட்டு எல்லாம் போய்விட்டது.

"இருக்குண்ணா" என்றேன். "மூணு கட்டியும் போச்சு. அது இருக்கு."

வேனில் விசில் பறந்தது. முனிரத்னா என் தலையில் முட்டி அழுதாள். பின்னால் பால் லாரியும், அதன் பின்னால் ஒரு டவுன் பஸ்ஸும் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சாவியைப் போட்டார். "எங்க வீட்ல தெனம் கேட்டுகினே இருக்காம்மா, அந்தப் பொண்ணுக்கு அது இருக்குதா, எடுத்துட்டாங்களான்னு. இன்னைக்கு நான் போயி அவகிட்ட" என்றார். வண்டி நகர்ந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த சிக்னல் சிவப்பு. வண்டி நின்றது. இருபத்திரண்டு பேரும் காத்திருந்தோம். அவர் திரும்பவில்லை, சட்டைக் கையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான் அவர் முடிக்கவில்லை.